பள்ளக் காலா, ஒத்தை விரல் காலா

நம்ம வயசுக்காரர்களுக்குத்தான் இது. இளசுகள் படித்தால் படிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கை மிஷின் சக்கரத்தை ஒரு கையால் சுற்றி, இன்னொரு கையால் துணியைத் தள்ளி, பல்லால் நூலைக் கடித்தவர்களுக்குத்தான் இதில் பாதி புரியும். மீதிப் பாதி, ஓரகத்தியோடு ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குப் புரியும்.

போன மாசம் மேடவாக்கத்தில் என் மருமகள் கரண்டு தையல் மிஷின் ஒன்று வரவழைத்தாள். அதோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது. திறந்தால் உள்ளே வரிசையாகக் கால்கள். மிஷினைத் தாங்குகிற கால் இல்லை. ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கிறதே, அந்தக் குட்டி இரும்புக் கால். சோபா உறை ஓரத்தில் கயிறு வைத்துப் பைப்பிங் தைக்க வேண்டுமாம். போனில் யாரோ ஒரு பெண் பேசுவதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காலாக மாட்டினாள், கழற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காமல் சொல்கிற பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. அதனால் ஒரு கோடைக்காலம் முழுக்க எங்கள் வீடு என்ன பாடுபட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாங்கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் தப்பிருந்தால் நீங்களே சரி பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

அப்போது எனக்கு எட்டு வயசோ ஒன்பதோ. மேற்குத் தாம்பரத்தில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவும் பெரியப்பாவும் அந்த ஷெட்டில்தான் வேலை. எலெக்ட்ரிக் வண்டி திரும்பும்போது வருகிற கீச்சுச் சத்தத்தை வைத்தே அம்மா உலை வைப்பாள். ஒரே வீடாக இருந்தோம். பிறகு நடுவில் சுவர் எழுப்பி ரெண்டு வீடானோம். சண்டை எதனால் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கருவாட்டுக் குழம்பில் ஆரம்பித்தது என்று அம்மா சொல்வாள். கருவாடே வாங்காததில் ஆரம்பித்தது என்று பெரியம்மா சொல்வாள்.

பாகம் பிரிக்க ரெண்டு பெரிய மனுஷர்கள் வந்தார்கள். ஒருத்தர் பெரியப்பாவின் மச்சான். இன்னொருத்தர் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ரிட்டையர் ஆனவர். பொதுவான ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே அண்டா இவருக்கு, குண்டான் அவருக்கு என்று பிரித்தார்கள். ஆட்டுக்கல்லை ஒரு பக்கமும் குழவியை ஒரு பக்கமும் கொடுக்கக் கூடாது என்று அந்த ஆம்பிளைகளுக்கும் தெரிந்திருந்தது. இட்லி தின்கிறவர்கள் இல்லையா? தையல் மிஷின் விஷயத்தில் தெரியவில்லை.

அது கறுப்புக் கை மிஷின். கழுத்தில் தங்கநிறப் பூக்கொடி போட்டிருக்கும். மேலே மூட வளைந்த மரப்பெட்டி. பக்கத்தில் போனாலே மிஷின் எண்ணெயும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். ரயில்வே காலனியிலிருந்த ஆங்கிலோ இந்தியன் அம்மா ஒருத்தி கப்பலேறிப் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே தகர டப்பா ஒன்று. உள்ளே பச்சை வெல்வெட்டு ஒட்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு குழி வைத்திருக்கும். அந்த அம்மா ஒரு மத்தியானம் முழுக்க அம்மாவையும் பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, இங்கிலீஷ் பாதி தமிழ் பாதியாக, எந்தக் கால் எதற்கு என்று காட்டினாளாம். அம்மா அவள் கையைப் பார்த்தாள். பெரியம்மா அவள் வாயைப் பார்த்தாள். ரெண்டு பேரும் முழுசாகக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

"மிஷின் அண்ணனுக்கு. இந்த டப்பா தம்பிக்கு. ரெண்டும் இரும்பு. செரியாப் பூடும்" என்றார் ரிட்டையர்டு டிக்கெட்காரர்.

அப்பா டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து அம்மாவிடம், "பாத்தியா? அவனுக்கு ஒண்ணே ஒண்ணு. நமக்கு இன்னா நெறைய!" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சபையில் பேசி முடித்ததை மாற்றக் கேட்டால் கௌரவம் என்னாவது? கேட்கவில்லை. அந்தப் பக்கம் பெரியம்மாவும் கேட்கவில்லை. அவளிடம் மிஷின் இருந்தது, அதில் ஏற்கெனவே மாட்டியிருந்த சாதாக் கால் ஒன்று மட்டும் இருந்தது. நேர்த் தையல் போடலாம், வேறொன்றும் முடியாது. எங்களிடம் எல்லாக் காலும் இருந்தது, நிற்க மிஷின் இல்லை. அம்மா அந்த டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து ஒவ்வொரு காலுக்கும் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைப்பாள். எங்கள் வீட்டில் என் தலைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக எண்ணெய் வைத்ததில்லை.

சுவர் கொல்லைக் கிணற்றுக்குக் கிட்டே வந்து நின்றுவிட்டது. கிணற்றைப் பிரிக்க முடியாதே. அதனால் அம்மாவும் பெரியம்மாவும் தினம் காலையில் கிணற்றடியில் எதிரெதிரே நிற்பார்கள். பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் பேசாமல் இருக்கவும் ரெண்டு பேராலும் முடியாது. அதற்கு நம் பெண்டுகள் கண்டுபிடித்த வழிதான் ஜாடை. எங்களுக்கு ஒரு கோழி இருந்தது. பாகம் பிரியாதது அது ஒன்றுதான். காலையில் இந்தப் பக்கம் மேயும், சாயங்காலம் அந்தப் பக்கம் முட்டை போடும்.

"ஏ கோழி! சோத்த இங்க துன்னுட்டு முட்டைய எங்கியோ போய் போட்டுட்டு வர்ற நீ. நன்றி கெட்ட ஜென்மம்" என்று அம்மா கோழியைப் பார்த்துச் சொல்வாள்.

"வா வா. நல்ல மனசு கீற எடமாப் பாத்துத்தானே நீ முட்டை போடுவ?" என்று பெரியம்மாவும் கோழியைப் பார்த்தே பதில் சொல்வாள்.

கோழி இல்லாத நேரத்தில் நான். நான் சுவர்மேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ரெண்டு பக்கத்துப் பேச்சும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த உத்தியோகத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அக்கா என்றால் பெரியப்பா மகள். என்னைவிடப் பத்து வயசு பெரியவள், ஒல்லி, அதிர்ந்து பேச மாட்டாள். துணியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருப்பாள். அவளுக்குத் தையல் டீச்சர் ஆகவேண்டும். பல்லாவரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த தையல் டீச்சர் வயசாகி வேலையை விடப்போகிறாள். "நீ தையல் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வாடி, நானே சொல்லி உன்னைச் சேத்துவுடறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அக்கா ஒரு தடவை பரீட்சைக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தாள். மற்றதெல்லாம் நன்றாகச் செய்தாளாம். பைப்பிங்கில்தான் கவிழ்ந்தது. தலகாணி உறை ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்க வேண்டும். சாதாக் காலுக்கு ரெண்டு விரல், ரெண்டும் தட்டை. கயிறு நடுவில் வந்தால் ஒரு விரல் கயிற்றின் மேலே ஏறிக்கொள்ளும். ஊசி கயிற்றை ஒட்டிக் குத்தாமல் தள்ளிப் போய்க் குத்தும். கயிறு உள்ளே தொளதொளவென்று கிடக்கும். பரீட்சைக்காரம்மா வந்து கயிற்று நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாளாம். கயிறு முழுசாக அவள் கையோடு வந்துவிட்டது. "இன்னாம்மா இது, அரணாக் கயிறா?" என்று கேட்டாளாம். ஹாலே சிரித்ததாம்.

பெரியப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தபா. அவ்ளோதான். இந்த தபாவும் ஊத்திக்கிச்சுன்னா அரக்கோணத்துல அத்தை வூட்டுக்குப் போய்ப் புள்ளைங்களப் பாத்துக்க."

அரக்கோணத்து அத்தைக்கு வீடு கொள்ளாமல் பிள்ளைகள். எருமைகள் வேறு. அக்காவுக்கு ரெண்டையும் கண்டால் பயம்.

வேறு கால் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பாரிமுனை வரை போய் வாங்கியும் வந்தார்கள். இந்தப் பழைய சீமை மிஷினுக்கு அது உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி வந்து காலிலேயே குத்தியது. பரீட்சைக்கு அவரவர் மிஷினை அவரவரே தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதால் வேறு மிஷினுக்கும் வழியில்லை. ஒத்துக்கொள்ளும் கால் உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால்.

வெயில் தலையைப் பிளக்கிற சித்திரை. ஒரு நாள் காலை கிணற்றடியில் பெரியம்மா வாளியை இறக்காமல் நின்றாள். கோழியைத் தேடினாள். அது எங்கேயோ போயிருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி கண்ணு, சில பேரு வூட்ல சில சாமானு சும்மாவே தூங்கிக்கினு கீதாமே? தூங்கற சாமானு துருப் புடிக்கும்னு சொல்லுடி."

அம்மா என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எண்ண போட்டுத் தொடைக்கிற சாமானுக்குத் துரு எங்கேர்ந்து வரும்னு கேளுடி."

"எண்ண போட்டு இன்னா புண்ணியம்? ஒரு பொண்ணு வாழ்க்கைக்கு ஒதவுனாத்தான் சாமானு."

"ஒதவ மாட்டேன்னு யாரு சொன்னது? வாயத் தொறந்து கேட்டாங்களா?"

"தோ கேக்கறாங்கல்ல?"

"உன்னையா கேட்டாங்க? என்னையா கேட்டாங்க?" என்று அம்மா என்னிடமே கேட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள். "போய்க் குடு. ஒண்ணுதான். டப்பாவக் கேட்டா டப்பா வராதுன்னு சொல்லு. அது அந்தப் பக்கம் போச்சுன்னா மிஷினோட ஒட்டிக்கும். அப்புறம் நம்ம பாகம் வெறும் காத்துதான்."

அவள் கொடுத்தது டப்பாவிலேயே பெரிசாக இருந்த கால். வெட்டுக்கிளி மாதிரி முதுகு வளைந்து, பக்கத்தில் ஒரு நீட்டுக் கை வைத்து, பல் பல்லாக இருக்கும். பெரிய பரீட்சை, அதனால் பெரிய கால் என்பது அம்மாவின் கணக்கு.

அது சுருக்கம் வைக்கிற கால் என்று நம்மில் பலருக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அக்கா மாட்டி, குறுக்காக வெட்டிய துணிக்குள் கயிற்றை வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். வெட்டுக்கிளி கடக்முடக்கென்று துணியை அள்ளி அள்ளி மடித்துத் தள்ளியது. நிறுத்தி எடுத்துப் பார்த்தால் தலகாணி உறை ஓரத்தில் முழுசாக ஒரு ஜிலேபி.

பெரியம்மா அதைக் கொண்டுவந்து சுவர்மேல் எனக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். "ஏ கோழி, வந்து பாரு. உனக்குக் கூடு பின்னிக் கீறாங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் விடவில்லை. "சுத்தத் தெரியாத கை சுத்துனா அப்பிடித்தான் வரும். அந்த ஆங்கிலோ இந்தியம்மா இதைத்தான் கையில வெச்சிக்கினு ரொம்ப நேரம் காமிச்சுது. என் கண்ணால பாத்தேன்."

"காமிச்சுது. பாவாடைக்கு ஃப்ரில்லு வெக்கன்னு வாயால சொல்லிச்சு. காது இருந்தவங்களுக்குக் கேட்டுது."

அன்றைக்கு நடந்ததுதான் அந்தக் கோடையின் பெரிய கூத்து. டப்பா சுவரைத் தாண்டாது என்று அம்மா. மிஷின் எங்கள் வீட்டுக்குள் வராது என்று பெரியம்மா. எந்தக் கால் சரி என்று மாட்டிப் பார்க்காமல் தெரியாது. அக்கா ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுச் சுவர்மேல் வைத்தாள்.

முழுச் செங்கல் அகலத்துக்குக் கட்டிய சுவர். மிஷின் நீளவாக்கில் அம்சமாக உட்கார்ந்தது. சக்கரம் என் பக்கம், சுற்றுகிற வேலை எனக்கு. அந்தப் பக்கம் ஸ்டூலில் அக்கா, அவளுக்குப் பின்னால் பெரியம்மா. இந்தப் பக்கம் கவிழ்த்த தொட்டிமேல் ஏறி நின்று, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியபடி அம்மா. ஒரு காக்கா முருங்கை மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அம்மா எடுத்துக் கொடுத்தது பள்ளக் கால். அதற்கு அடியில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். கயிறு அந்த வாய்க்காலுக்குள் ஓட, ஊசி ஒட்டினாற்போல் இறங்கும். என் பம்பரக் கயிற்றைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார்கள். பம்பரக் கயிறு அதில் போனது பாருங்கள், தண்டவாளத்தில் வண்டி போன மாதிரி. தையல் கயிற்றை அப்படியே கவ்விப் பிடித்திருந்தது. அக்கா இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அந்த வெயிலில் அவள் சிரித்ததை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது.

"சொன்னேனா இல்லியா?" என்றாள் அம்மா, காக்காவிடம்.

"கயிறு கொஞ்சம் மொத்தமா குடுத்தா?" என்றாள் பெரியம்மா, அதே காக்காவிடம்.

பாவாடைக் கயிற்றை வைத்தார்கள். முக்கி முனகிக்கொண்டு போனது. துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டி வைத்தார்கள். கால் அதன்மேல் ஏறிச் சாய்ந்துகொண்டது. நான் சுற்றினேன், சுற்றவில்லை. இன்னும் பலமாகச் சுற்றினேன். படக்கென்று ஊசி முறிந்து தெறித்தது. காக்கா பறந்துவிட்டது.

பெரியம்மா இப்போது என்னிடம் சொன்னாள். "ஒத்தை விரல் காலு ஒண்ணு கீதான்னு பாக்கச் சொல்லுடி. அந்தம்மா சொல்லிச்சு, கயிறு எவ்ளோ மொத்தமா இருந்தாலும் அது தாங்கும்னு."

அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனசே இல்லை. பார்க்க நோஞ்சானாக இருக்கும், ஒரு பக்கம் விரலே இருக்காது, ஒடிந்தது மாதிரி. ஆனாலும் கொடுத்தாள். புது ஊசி போட்டு மாட்டினோம். அந்தக் காலில் கயிறு காலுக்கு வெளியே கிடக்கும், கால் அதன் விலாவை ஒட்டிக்கொண்டே போகும். மேலே ஏற வழியே இல்லை. கொடிக்கயிறும் போனது, பாவாடைக் கயிறும் போனது. பம்பரக் கயிறும் போனது, ஆனால் விரலால் ஒட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தையல் கோணும். பள்ளக் காலில் வந்த அழகு வரவில்லை.

"கோணுது பாரு" என்றாள் அம்மா.

"முறியல பாரு" என்றாள் பெரியம்மா.

இதுதான் சிக்கல். பரீட்சையில் எந்தக் கயிறு கொடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மொத்தமாம். மெலிசாகக் கொடுத்தால் பள்ளக் கால்தான் ராஜா. மொத்தமாகக் கொடுத்தால் ஒத்தை விரல்தான் கதி. ரெண்டையும் கொடுத்து அனுப்பலாமே என்று நான் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். ஒன்று என்று சொல்லிவிட்டாள், சொன்னால் சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து அப்பாவும் பெரியப்பாவும் ஷிப்டு முடிந்து வந்தார்கள். அவரவர் வாசல் வழியாக வந்து, அவரவர் கொல்லையில் நின்று, சுவர்மேல் மிஷின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

"இத்த யாரு செவுத்து மேல ஏத்துனது?" என்றார் பெரியப்பா.

அப்பா ஒரு நூலை எடுத்து வந்தார். சுவரின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, மிஷின் எந்தப் பக்கம் கூடுதலாகக் கிடக்கிறது என்று அளந்தார். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் பக்கம் ஒரு விரற்கடை கூடுதலாக வந்தது. "நம்ம பக்கம்தான் தூக்கலா கீது" என்றார், யாரிடமும் இல்லாமல். பெரியப்பா அதைக் கேட்டதும் வேகமாக வந்து மிஷினைக் கட்டித் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். ரயிலையே பிரித்து மாட்டுகிற ரெண்டு ஆம்பிளைகள். என்ன சொல்ல?

அப்புறம் பரீட்சை வரும்வரை பள்ளக் காலா ஒத்தை விரல் காலா என்பதே கிணற்றடிப் பேச்சு. அம்மா பள்ளக் காலை விடவில்லை. "குடுக்கிறது நானு. நான் குடுக்கிறதுதான் போவும்" என்று கோழியிடம் அறுத்துச் சொல்லிவிட்டாள். பெரியம்மா என்ன செய்வாள்? கொடுக்கிறவள் கை மேலே. உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா சாப்பிடுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அரக்கோணத்துக்கு எடுத்துப் போக அவள் துணிகளைப் பெரியப்பா ஒரு டிரங்குப் பெட்டியில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று.

பரீட்சை அன்று விடிகாலையில் அம்மா ஒரு மஞ்சள் துணி முடிச்சை என் கையில் கொடுத்தாள். "அங்க போய்ப் பிரிக்கச் சொல்லு. வழியில பிரிச்சா ராசி பூடும். நீயும் கூடப் போ. நம்ம காலு போவுது, நம்ம ஆளு ஒண்ணு கூட இருக்கணும்."

பெரியப்பா மிஷினைத் தோளில் வைத்து எலெக்ட்ரிக் வண்டியில் ஏற்றினார். மீன்கூடைக்காரம்மா ஒருத்தி தள்ளி இடம் கொடுத்து, "இன்னா தம்பி, பொட்டியில பொணமா?" என்று கேட்டாள். அக்கா வழியெல்லாம் முடிச்சை உள்ளங்கையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாம்பரம் தாண்டி வெளியே போனது எனக்கு அதுதான் முதல் தடவை என்பதால் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பரீட்சைக் கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து முடிச்சைப் பிரித்தாள். உள்ளே ஒத்தை விரல் கால்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு எந்தக் காலும் ஒரே கால்தான், அவர் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். பரீட்சைக்காரம்மா மேசை மேசையாகக் கயிறு வைத்துக்கொண்டு வந்தாள். என் சுண்டுவிரல் மொத்தம். அக்காவுக்கு முன் வரிசையில் ஒரு பெண் பள்ளக் கால் கொண்டுவந்திருந்தாள். அவள் மிஷின் ஒரு சத்தம் போட்டது, மாடு கத்துவது போல. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அக்கா திரும்பவில்லை. விரலால் கயிற்றை ஒட்டித் தள்ளிக்கொண்டு, வாய்க்குள் முனகிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள். மூலை திரும்புகிற இடத்தில் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தி, காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்கினாள். பரீட்சைக்காரம்மா வந்து கயிற்று நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். மிஷின்தான் நகர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "காலு எங்கடி?" என்பதுதான். அக்கா எண்ணெய் போட்டுத் துடைத்து அதே துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். பெரியம்மா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். பார்த்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழியிடம்கூடச் சொல்லவில்லை.

பரீட்சை முடிவு வந்தது. பாஸ். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அக்கா தையல் டீச்சராகப் பல்லாவரத்துக்கு வண்டியேறப் போகிறாள் என்று முடிவானது. டிரங்குப் பெட்டியிலிருந்து துணிகள் மறுபடி கொடிக்கு வந்தன.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரம்மா, கீரைக்காரம்மா, எதிர்வீட்டுக்காரம்மா, வந்தவர் போனவர் எல்லோரிடமும் ஒரே கதை. "நான்தான் பள்ளக் காலு குடுத்து அனுப்புனேன். அது இல்லேன்னா அந்தப் பொண்ணு இன்னேரம் எருமை மேச்சிக்கினு இருக்கும்." அவள் ஏன் கடைசி நேரத்தில் காலை மாற்றினாள் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா சொன்னதுதான் சரி என்று ராத்திரி படுக்கையில் தோன்றியிருக்கும். ஆனால் அதை வாயால் சொல்வதற்குப் பதில் அம்மா டப்பாவையே விழுங்கியிருப்பாள்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் பால்காரம்மாவிடம் இதே கதையை அம்மா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். பள்ளக் காலு, பள்ளக் காலு என்று மூன்றாவது தடவை காதில் விழுந்ததும் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி தடதடவென்று கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"ஏண்டி! வாய் கூசாம பொய் சொல்றியே! நான் சொன்ன ஒத்தை விரல் காலத்தானே முடிஞ்சு குடுத்த?"

நேராக. அம்மாவின் மூஞ்சியைப் பார்த்து. சுவர் எழுப்பிய நாளிலிருந்து முதல் தடவை.

பால்காரம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"ஆமாக்கா, குடுத்தேன். நீ சொன்னதுக்காகவா குடுத்தேன்? இருட்டுல கை தவறி வந்துடுச்சு."

"கை தவறி வந்ததுக்கு மஞ்சத் துணி ஒரு கேடா?"

"என் காலு, என் துணி. நான் எத வேணா எதுல வேணா முடிவேன். பாஸ் ஆயிடுச்சா இல்லியா?"

"ஆச்சு. நான் சொன்ன காலால ஆச்சு!"

"என் டப்பாவுல இருந்த காலால ஆச்சு!"

"உன் டப்பாவா? அந்தம்மா எனக்குத்தாண்டி மொதல்ல காட்டுச்சு..."

"உனக்குக் காட்டுச்சா? அக்கா, அன்னிக்கு நீ பாதி நேரம் தூங்கி வழிஞ்ச..."

சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் சுவர்மேல் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் உத்தியோகம் எனக்கு. ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் நடுவில் மூச்சு விட்ட நேரம் பார்த்து வாயைத் திறந்தேன்.

"பெரியம்மா, அம்மா இன்னா சொல்றாங்கன்னா..."

"பெரியவங்க பேசிக்கினு இருக்கும்போது நடுவுல உனக்கின்னாடி வேல? எறங்குடி கீழ!" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் என்னை அதட்டினார்கள்.